அசையாமல் அரை மணி நேரம்

அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று ஸ்கேன் எடுக்கிற பிரிசில்லா சொன்னபோது இதென்ன பெரிய காரியம் என்றுதான் நினைத்தேன். தேர்வு அறையில் ஒரு கூட்டம் பிள்ளைகளை மூச்சுக் காட்டாமல் உட்கார வைத்தவள் நான், என் ஒரு உடம்பை உட்கார வைக்கத் தெரியாதா. ஊசி ஏறின உடனேயே மூக்கு நுனி அரிக்கிறது. இவ்வளவு நேரம் இந்த மூக்கு எங்கே இருந்தது என்றே எனக்குத் தெரியாது, அசையக்கூடாது என்றதும் நான் இங்கே இருக்கிறேன் என்று கை தூக்குகிறது. "அக்கா, மூச்சு நல்லா விடலாம், கண்ண மூடிக்கிடலாம், உடம்பு மட்டும் அசையப்பிடாது. அசைஞ்சா படம் கலங்கிரும், பொறவு இன்னொரு நாள் வரணும்" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை. முதுகுக்குக் கீழே ஒரு பெரிய தட்டு, அதுதான் கேமராவாம். ஊசியில் போன மருந்து ரத்தத்தோடு ஓடி இரண்டு சிறுநீரகத்துக்கும் போகும், எது எவ்வளவு வேலை செய்கிறது என்று கேமரா எடுத்துக் காட்டும். இரண்டும் நன்றாக இருந்தால் ஒன்றை எடுத்து அண்ணனுக்கு வைப்பார்கள். அதற்குத்தான் படுத்திருக்கிறேன். அண்ணன் வெளியே என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், நான் உள்ளே மூக்கைச் சொறிய முடியாமல் கிடக்கிறேன். இதில் யார் நோயாளி என்று புதிதாக வருகிற ஆளைக் கேட்டால் என்னைத்தான் காட்டுவான்.

ஃபிட்ஜெட். அந்தச் சொல் போன வாரத்திலிருந்து காதுக்குள் புகுந்த எறும்பாக ஊர்ந்துகொண்டே இருக்கிறது. டாக்டர் மினி என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவருடைய மலையாளம் கலந்த தமிழில் கேட்டார், "வீட்டில் ஆரும் நிர்பந்திச்சோ? ஆருக்கும் வேண்டி பயந்து சம்மதிச்சோ?" இல்லவே இல்லை டாக்டர் என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். ஐயாம் வில்லிங் என்று இங்கிலீஷிலும் ஒரு தரம் சொன்னேன், முத்திரை குத்துகிற மாதிரி. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார், பிறகு மேஜைக்குக் கீழே என் காலைப் பார்த்தார். "பட் யூ ஆர் ஃபிட்ஜெட்டிங், மேடம்" என்றார். குனிந்து பார்த்தால் என் வலது கை இடது கை மோதிரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது, எத்தனை நேரமாகச் சுற்றியதோ விரல் சிவந்திருந்தது, கால் தன்பாட்டுக்குத் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை. பாளையங்கோட்டையில் இத்தனை வருஷமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன், அந்த வினைச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி அர்த்தம் சொல்லியிருக்கிறேன், ஒருத்தரும் அதை என்மேல் எடுத்துப் போட்டதில்லை. மோதிரத்தை விட்டேன். உடனே கை கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டது.

கோனார் நோட்ஸில் அதற்கு அமைதியின்றி அசைதல் என்று போட்டிருக்கும். அசைதல் என்றால் தென்னங்கீற்றும்தான் அசைகிறது. நான் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்வதில்லை. இந்தச் சொல்லுக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்பேன். எழுந்து போக முடியாத நாற்காலி. ஆஸ்பத்திரி வாசலில் மேலும் கீழும் நடக்கிறவன் ஃபிட்ஜெட் பண்ணவில்லை, அவனுக்கு வேறு சொல் இருக்கிறது, அவன் கால் போன இடத்துக்கு அவன் கூடப் போகிறான். பெண் பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளையின் அப்பா பேசி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறவள் பண்ணுவதுதான் ஃபிட்ஜெட். புடவை முந்தியின் நூலைப் பிரிப்பாள், கால் கட்டைவிரலால் தரையைக் கீறுவாள். ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கிற நீங்களும்தான், சட்டைப் பித்தானைத் திருகுவீர்கள் என்பேன். இன்னதை வைத்துக்கொண்டு பண்ணினான் என்று எழுதினால் வாக்கியம் நிறைவாக வரும், பேனா, சாவி, கைக்கடிகாரம், என்னவும் போடலாம், அந்தப் பொருள் முக்கியமில்லை, கைக்கு ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான். தமிழில் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு காரணம் கூடவே வந்துவிடுகிறது. வெட்கம் என்றால் நெளிகிறோம், துக்கம் என்றால் தவிக்கிறோம், ஆள் வர வேண்டும் என்றால் இருப்புக் கொள்ளவில்லை, குழந்தை என்றால் துறுதுறு. இந்த இங்கிலீஷ்ச் சொல் காரணம் கேட்காது. மரியாதைக்காக உட்கார்ந்திருக்கிற உடம்பு என்ன செய்யுமோ அதைச் சொல்லிவிட்டுப் போய்விடும். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னபோது ஜெசிந்தா என்கிற பிள்ளை, வலையில் மாட்டிய மீன் ஃபிட்ஜெட் பண்ணியது என்று எழுதியிருந்தாள். மணப்பாட்டுப் பக்கத்துப் பிள்ளை, மீனைத் தினம் பார்க்கிறவள். நான் சிவப்பு மையில் அடித்தேன். மீன் துடிக்கும், அது உயிருக்காக, உயிருக்காகச் செய்வது எதுவும் இந்தச் சொல்லுக்குள் வராது என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இப்போது அடிக்கச் சொன்னால் அடிப்பேனா தெரியவில்லை.

மூக்கில் அரிப்பு அடங்கி இப்போது இடுப்பில் வந்துவிட்டது. வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு அசையாதே என்றால் எப்படி. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் நானாகத் தண்ணீர் கேட்டு எழுந்து அடுப்படிக்குப் போயிருந்தால் இந்தப் படுக்கையே இல்லை. எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். டயாலிசிஸ் இனிமேல் ரொம்ப நாள் தாங்காது, வீட்டு ஆள் யாராவது கொடுத்தால் நல்லது என்று டாக்டர் சொன்னதை மதினி சொல்லி முடித்திருந்தாள், தனக்குச் சர்க்கரை இருப்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்பதையும் அழுதுகொண்டே சொன்னாள். தம்பி நெல்லையப்பன் கார் சாவியை விரலில் போட்டுச் சுழற்றினான். தம்பி பெண்டாட்டி, தன் புருஷனைப் பற்றி யாரும் கேட்காமலேயே, "அவொளுக்கும் பிரஷர் இருக்குல்லா" என்று மின்விசிறியைப் பார்த்துச் சொன்னாள். அண்ணன் மகன் செல்போனைத் திருப்பித் திருப்பி வைத்தான், கவிழ்த்து வைத்தான், மறுபடி நிமிர்த்தினான். அவனுக்கு இருபத்துநான்கு வயது, கிண்ணென்று இருக்கிறான், ஆனால் அவன் பெயரை அந்தக் கூடத்தில் ஒருத்தரும் எடுக்கவில்லை, மதினி அவன் பக்கம் திரும்பவே இல்லை, அவள் திரும்பாமல் இருந்ததில்தான் எல்லாருக்கும் எல்லாம் புரிந்தது. மதினி காலி டம்ளரை டவராவுக்குள் உருட்டினாள், அந்தச் சத்தம், கிர் கிர் என்று, பல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு அது தாங்கவில்லை. அண்ணனுக்காக மனசு உருகிச் சொன்னேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், இல்லை, அந்த டம்ளர் நிற்க வேண்டும் என்றுதான் சொன்னேன். "எதுக்கு எல்லாரும் இப்படி இருக்கியொ, நான் தாரேன்" என்றேன்.

சொன்னபோது எனக்குத் துளி பயம் இல்லை. ஏனென்றால் என் அண்ணன் ஆவுடையப்பனை எனக்குத் தெரியும். இன்னொரு தோசை வைக்கப் போனால் இலையின் மேல் கையைக் கவிழ்ப்பான், வேண்டாம் வேண்டாம் என்று மூன்று தரம் சொல்வான், நாலாவது தரம் கையை எடுப்பான், பிறகு இரண்டாகச் சாப்பிடுவான். பஸ்ஸில் யார் டிக்கெட் எடுப்பது என்று மச்சினனான என் வீட்டுக்காரரோடு கண்டக்டர் கையைப் பிடித்து மல்லுக்கட்டுவான். என் வீட்டுக்கு வந்தால் காப்பி குடித்துவிட்டுத்தான் வந்தேன் என்று வாசலிலேயே சொல்வான், அது பொய் என்று அவனுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், பால் ஏற்கெனவே அடுப்பில் இருக்கும். எங்கள் வீட்டுப் பழக்கமே அதுதான். கேட்பவர் கேட்க வேண்டும், வேண்டாம் என்பவர் வேண்டாம் என்க வேண்டும், மறுபடி கேட்க வேண்டும், யாருக்கு நிஜமாக என்ன வேண்டும் என்பது அந்த மூன்றாம் நாலாம் சுற்றில்தான் தெரியும். முதல் சுற்றில் சொல்வதற்கெல்லாம் யாரும் பொறுப்பில்லை. அண்ணன் இப்போது சொல்வான், ஏட்டி உனக்கு என்ன கிறுக்கா, வயசுக்கு வந்த பிள்ளையை வச்சிருக்க, பேசாம இரி என்பான், நான் இல்லண்ணே நான் தருவேன் என்பேன், மச்சினன் சம்மதிக்க மாட்டாரு என்பான், மதினி கண்ணைத் துடைப்பாள், கூடத்தில் மூச்சு வரும், காப்பி வரும், பிறகு எல்லாருமாக வேறு வழி யோசிப்போம். அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தான். முகம் வீங்கி, கண்ணுக்குக் கீழே பை தொங்கி, உதடெல்லாம் வெளுத்திருந்தது. "சரிம்மா" என்றான்.

அவ்வளவுதான். முதல் தடவையிலேயே சரி என்றான். கல்யாணச் சாப்பாட்டில் பாயசத்துக்குக்கூட அவன் அப்படிச் சரி சொன்னதில்லை. டம்ளர் நின்றுவிட்டது, சாவி நின்றுவிட்டது, அண்ணன் மகன் செல்போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். மதினி வந்து என் காலில் விழப் போனாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டு, என்ன மதினி இது, எனக்கு அண்ணன் இல்லையா என்றெல்லாம் என்னென்னவோ சொன்னேன், வாய் சொல்லிக்கொண்டே போனது. அவன் சரி என்றதும்தான் அவன் எவ்வளவு பயந்துபோயிருக்கிறான் என்பதே எனக்குத் தெரிந்தது. அவ்வளவு பயந்தவனிடம் விளையாட்டுக்குக் கேட்டுவிட்டேனே, உபசாரத்துக்குக் கேட்டுவிட்டேனே என்று அன்றைக்கு ராத்திரியிலிருந்து வருந்திக்கொண்டிருக்கிறேன். வருத்தம் எதற்கு என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்லவும் தெரியவில்லை. சொன்னதற்கு வருத்தமா, மனசோடு சொல்லவில்லையே என்று வருத்தமா, இரண்டும் ஒரே கயிறாக முறுக்கிக்கொண்டுவிட்டது. என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு உன் இஷ்டம் என்றார், போய் ஓடாத மின்விசிறியை எல்லாம் போட்டு அணைத்துப் பார்த்தார். என் மகள் ஆனந்திதான் நேராகக் கேட்டாள், "ஒன்னு வச்சிக்கிட்டு நீ பொழச்சிக்கிடுவியாம்மா?" எல்லாரும் பிழைக்கத்தான் செய்கிறார்கள் என்றேன். இவளைத்தான் அண்ணன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினான். இவள் அன்றைக்கு இரண்டு காலையும் உதைத்த உதையில் அவன் வேட்டி கிழிந்தது, அவள் அழுததைவிட அவன் அதிகம் அழுதான். அவன்மேல் எனக்குப் பிரியம் இருக்கிறது. இல்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். ஆனால் உடம்பை அறுத்து எடுத்துக் கொடுக்கிற அளவுக்கா என்று கேட்டால், கேட்காதே என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அந்த அளவை நான் பார்த்ததில்லை, பார்க்க வேண்டி வரும் என்று நினைத்ததும் இல்லை, இப்போது இந்தத் தட்டின்மேல் படுக்க வைத்து அதைத்தான் எடுத்துக் காட்டச் சொல்கிறார்கள்.

"அக்கா, பாதி முடிஞ்சிட்டு, அப்படியே இருங்க" என்கிறது ஸ்பீக்கர். பாதிதானா. ஒரு தரம் டயாலிசிஸ் அறைக்கு அண்ணனோடு போயிருந்தேன். அவன் சின்ன வயதிலிருந்தே ஓர் இடத்தில் இருக்கிற ஆள் இல்லை, உட்கார்ந்தால் கால் ஆடும், காலை ஆட்டாதே வீட்டுக்கு ஆகாது என்று அம்மா தொடையில் போடுவாள், ஆட்டத்தை நிறுத்திவிட்டு விரலால் தாளம் போடுவான். அந்த அறையில் இடது கையில் இரண்டு ஊசியோடு கிடந்தான். கை ஒரு நூல் அசையக்கூடாது, அசைந்தால் மெஷின் கத்தும். இவனா என்று இருந்தது. அப்படி ஒரு அசையாமை, அப்படி ஒரு நல்ல பிள்ளை. பார்த்துக்கொண்டே இருந்தேன். போர்வைக்கு அடியில், கடைசியில், கால் கட்டைவிரல் மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு ஆட்டுவதற்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அதையும் நிறுத்திவிட்டான். நான் பார்த்திருக்கக்கூடாது. அதை நினைத்தால் விம்மல் வரும், விம்மினால் அசைவேன். அசைந்தால் என்ன. டாக்டர் மினி அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார், மோதிரத்தை நான் விட்ட பிறகு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். இஷ்டமில்லை என்றால் என்னிடம் சொன்னால் போதும், உங்கள் சிறுநீரகம் பொருந்தவில்லை என்று நான் வீட்டாரிடம் சொல்லிவிடுவேன், காரணம் ஒருவருக்கும் தெரியாது, ஸ்கேன் முடிந்ததும் இன்னொரு தடவை உங்களைத் தனியாகக் கூப்பிடுவேன், யோசித்து வையுங்கள் என்றார். எத்தனை பேர் அந்த நாற்காலியில் மோதிரத்தைச் சுற்றியிருந்தால் ஒரு டாக்டருக்கு அப்படிப் பேச வரும். அந்த வாக்கியத்தை நான் ஒரு வாரமாக நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குப் படம் கலங்கினால் இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளலாம். இடுப்பை ஒரு புரட்டு, போதும். தெரியாமல் அசைந்துவிட்டேன் என்று சொல்லலாம், மூத்திரம் முட்டுகிறது என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை.

அசை என்று சொல்கிறேன். அசையவில்லை. வேடிக்கையைப் பாருங்கள், டாக்டர் முன்னால் கேட்காமலேயே ஆடிய கால் இப்போது கேட்டுக்கொண்டாலும் ஆடமாட்டேன் என்கிறது. அசையாதே என்று யாராவது சொல்லிவிட்டால் இந்த உடம்பு கேட்டுக்கொள்ளும், அப்படியே வளர்த்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்தபோது கால் மரத்துப்போகிற வரைக்கும் மடக்கி உட்கார்ந்திருந்தேன், எழுந்தபோது விழப் போனதைப் பார்த்து அடக்கமான பெண் என்று சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இடுப்பை வலது பக்கம் தள்ளுகிறேன். தள்ளிவிட்டேன். பட்டை இழுக்கிறது. ஏதோ திருடினது மாதிரி இருக்கிறது, ஆனால் லேசாகவும் இருக்கிறது, ஒரு வாரமாக இவ்வளவு லேசாக இருந்ததில்லை. ஸ்பீக்கர் கத்தும் என்று காத்திருக்கிறேன். கத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பிரிசில்லாவே கதவைத் திறந்துகொண்டு வந்து பட்டையை அவிழ்க்கிறாள். "நல்லா இருந்தியக்கா. கடைசில இம்புட்டுப் போல அசைஞ்சிட்டிய. பரவால்ல, கம்ப்யூட்டர்லயே நேர் பண்ணிட்டேன்." நேர் பண்ணிவிட்டாயா என்று கேட்கிறேன். "ஆமாக்கா, எல்லாரும் கொஞ்சம் அசையத்தான செய்வாவ. ரெண்டும் சூப்பரா வேலை செய்யுது. இடது ஒரு பொடி கம்மி, அதைத்தான் எடுப்பாவ, நல்லத உங்களுக்கே விட்ருவாவ. டாக்டரம்மா பத்து நிமிசத்துல கூப்டுவாவ, வெளிய இருங்க." நல்லதை நமக்கு வைத்துக்கொண்டு குறைந்ததைக் கொடுக்கிற ஒரே உபசாரம் இதுவாகத்தான் இருக்கும். சிரிப்பு வந்தது. பாத்ரூமில் போய் உட்கார்ந்ததும் அழுகை வந்தது, முகத்தைக் கழுவிக்கொண்டேன். அந்தத் தண்ணீரில் முகம் கழுவும்போதே முடிவு செய்துவிட்டேன், டாக்டரிடம் சொல்லிவிடுவது என்று. பொருந்தவில்லை என்று அவர் சொல்லட்டும். அண்ணன் மகன் பெயரை அந்தக் கூடத்தில் யாராவது எடுக்கட்டும். எனக்கு ஆனந்தி இருக்கிறாள். வாக்கியத்தைக்கூட இங்கிலீஷில் தயார் பண்ணினேன், தமிழில் சொல்ல வாய் வராது.

அண்ணன் இரும்பு நாற்காலியில் இருந்தான். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். வலிச்சுதா என்றான். இல்லை என்றேன். டீ குடிக்கியா என்றேன், வேண்டாம் என்றான், அவனுக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று கணக்கு இருப்பதை மறந்துவிட்டேன். அவன் பையின் ஜிப்பை இழுத்தான், மூடினான், மறுபடி இழுத்தான். பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னான், "வடிவு, வேண்டாம்ட்டி. ஒனக்கும் ஒரு பொட்டப்பிள்ள இருக்கு. நான் அன்னைக்கு எடுத்த எடுப்புல சரின்னுட்டேன், அப்படிச் சொல்லிருக்கப்பிடாது. டாக்டரம்மாட்ட நானே சொல்லிருதேன்." எத்தனை நாளாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன், வாரக்கணக்காக வழி தவறி அலைந்து இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. வாயைத் திறந்தேன். "போண்ணே, கிறுக்கன் மாதிரிப் பேசாத. எல்லாம் முடிஞ்சிட்டு, நான்தான் தருவேன்" என்று ஒரு குரல் சொன்னது. என் குரல்தான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் அவனைக் காப்பி குடிக்கச் சொல்கிற அதே குரல். பரவாயில்லை, இது இரண்டாம் சுற்றுதான், இன்னும் இரண்டு சுற்று இருக்கிறது, அவன் வேண்டாம் என்பான், அப்போது நான் கொஞ்சம் தயங்கினால் போதும், அவனுக்குப் புரிந்துவிடும், அண்ணனுக்குப் புரியாதா. கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டாள். எழுந்திருக்காமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஜிப்பை மூடினான், பையை என் கையில் கொடுத்தான், வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வேண்டாம் என்று அவன் இன்னொரு தடவை சொல்லவில்லை.